யார் போட்ட பட்டியல்?

போன மாசம் நம் இதழ் அறைக்கு ஒரு தம்பி வந்தான். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறவன். அவனுடைய அத்தை நடவு நட்ட கூலி பாக்கியைக் கேட்டிருக்கிறார். டீக்கடை வாசலில், பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருக்க, நிலத்துக்காரர் அந்த அம்மாவைச் சாதிப் பெயர் சொல்லித் திட்டிச் செருப்பால் அடித்திருக்கிறார். காவல் நிலையத்துக்குத் தமிழில் ஒரு புகார் எழுத வேண்டும். தில்லியில் இருக்கிற தேசியப் பட்டியல் சாதியினர் ஆணையத்துக்கு ஆங்கிலத்தில் ஒன்று எழுத வேண்டும். "நானே எழுதிடறேண்ணே, கம்ப்யூட்டர மட்டும் குடுங்க" என்றான். குடுத்தோம்.

ஒரு மணி நேரம் கழித்து ஆங்கில மனுவைப் படித்துப் பார்த்தால் தலை சுற்றியது. அவன் போட்டிருந்த சொற்களை அப்படியே தமிழில் சொன்னால் இப்படி வரும்: நிலத்துக்காரர் அத்தையைச் செருப்பால் 'தோற்கடித்தார்'. கூலி 'சன்மானம்' ஆகியிருந்தது. இரண்டாவது பத்தியில் நிலத்துக்காரரே 'விருந்தளிப்பவர்' ஆகிவிட்டார்.

"என்னப்பா இது?"

"ஒரே வார்த்தய திருப்பித் திருப்பிப் போட்டா மட்டமான இங்கிலீஷ்னு காலேஜ்ல சொல்லுவாங்கண்ணே. அதான் வேற வேற வார்த்த போட்டேன்."

எங்கிருந்து எடுத்துப் போட்டான்? எம்.எஸ். வேர்டில் தெசாரஸ் என்று ஒன்று இருக்கிறது. ஒரு சொல்லின்மேல் கர்சரை வைத்து ஷிஃப்ட்டோடு எஃப்7 விசையைத் தட்டினால் அதே பொருள் தரும் வேறு சொற்கள் வரிசையாக வந்து நிற்கும். பிடித்ததைச் சொடுக்கினால் பழைய சொல் போய்ப் புதுச் சொல் உட்கார்ந்துகொள்ளும். ஆங்கிலத்தில் 'பீட்' என்றால் அடிப்பது. ஆட்டத்தில் ஜெயிப்பதும் அதே 'பீட்'தான். 'லேண்ட்லார்ட்' என்றால் நிலத்துக்காரன். விடுதி நடத்துகிறவனுக்கும் அங்கே அதே பேர். அடி வாங்கியது யார், எந்த வயலில், எந்தச் சேரியில் என்பதெல்லாம் எந்திரத்துக்குத் தெரியாது. அது பட்டியலை நீட்டும், அவ்வளவுதான்.

சிரித்தோம். அவனும் சிரித்தான். கொஞ்ச நேரம் கழித்து, "அண்ணே, இங்க பாருங்க" என்றான்.

அத்தையைத் திட்டிய சொல்லை ஆங்கில எழுத்தில் அடித்திருந்தான். ஊர்ப் பெயர், அத்தையின் பெயர் எல்லாவற்றுக்கும் எந்திரம் 'இது தப்பு' என்று சிவப்புக் கோடு போட்டிருந்தது. அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் கோடு இல்லை. 'பரையா' – அது ஆங்கிலச் சொல். அதன்மேல் கர்சரை வைத்து அதே விசையைத் தட்டியிருக்கிறான். அவுட்காஸ்ட், லெப்பர், அன்டச்சபிள் என்று ஆங்கிலத் தெசாரஸ்களில் வழக்கமாக வருகிற வரிசை. ஒதுக்கப்பட்டவன், தொழுநோயாளி, தீண்டத்தகாதவன்.

"நம்ம பேரு இங்கிலீஷ்லயே இருக்குண்ணே" என்றான். அதுக்கு மேல் அவன் பேசவில்லை.

நாம் பேச வேண்டியிருக்கிறது.

அந்தச் சொல் அங்கே எப்படிப் போனது? பதினேழாம் நூற்றாண்டில் இங்கே வந்த வெள்ளைக்காரர்கள் நம் மக்களின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள். பறையடிக்கிறவனின் பெயர் அது. கப்பலேறிப் போனபோது பறை இங்கேயே நின்றுவிட்டது, இழிவு மட்டும் கூடவே போனது. தெருநாய்க்குப் 'பரையா டாக்', கரும்பருந்துக்குப் 'பரையா கைட்' என்று பேர் வைத்தார்கள். உலக நாடுகள் ஒதுக்கி வைத்த நாட்டுக்கு இன்றைக்கும் 'பரையா ஸ்டேட்' என்றுதான் ஆங்கிலப் பத்திரிகைகள் எழுதுகின்றன. தில்லியில் உட்கார்ந்து எழுதும் இந்தியர்களும் எழுதுகிறார்கள். அது உயிரோடு இருக்கிற லட்சக்கணக்கான மனிதர்களின் பெயர் என்பது எழுதுகிறவனுக்கு உறைப்பதேயில்லை. அதே வரியில் தொழுநோயாளியையும் கொண்டுவந்து நிறுத்துகிறார்களே, நோய் கண்டவன் செய்த குற்றம்தான் என்ன? ஒரு பட்டியலில் இரண்டு கூட்டத்துக்கு அவமானம்.

"எந்திரம் என்ன செய்யும், வழக்கில் இருப்பதைக் காட்டுகிறது" என்று நம் படித்த நண்பர்கள் சொல்வார்கள். அதையும்தான் பார்ப்போமே.

தெசாரஸ் எந்திரத்துக்குள் விளைந்த பொருள் இல்லை. 1852இல் லண்டன் மருத்துவர் பீட்டர் மார்க் ரோஜே ஆயிரம் தலைப்புகள் போட்டு, அதன் கீழே சொற்களைக் கூட்டம் கூட்டமாக அடுக்கி ஒரு புத்தகம் வெளியிட்டார். தெசாரஸ் என்ற பேர் ஆங்கிலத்தில் அதோடுதான் நிலைபெற்றது. அமெரிக்காவில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் 1985இல் தொடங்கிய 'வேர்ட்நெட்' என்ற சொல்வலையும் மனிதர்கள் உட்கார்ந்து கட்டியதுதான். காசு கொடுக்காமல் கிடைக்கிற லிபரே ஆபீஸ் மென்பொருளின் ஆங்கிலத் தெசாரஸ் அந்தச் சொல்வலையிலிருந்து எடுக்கப்பட்டது. அந்தக் கோப்பைத் திறந்து பார்த்தால் வெறும் எழுத்துதான். ஒரு சொல், அதுக்கு எத்தனை பொருள், அடுத்த வரியில் கோடு கோடாகப் பிரித்து மாற்றுச் சொற்கள். மளிகைக் கடைச் சிட்டை மாதிரி. எந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் எந்தச் சொல் என்பதை யாரோ ஒரு மனுசன் தீர்மானித்திருக்கிறான். அவனுக்கு ஊர் உண்டு, நிறம் உண்டு, வர்க்கம் உண்டு.

மெக்சிகோ நாட்டுக்காரர்கள் இதைக் கண்டுபிடித்தார்கள். மைக்ரோசாஃப்ட் கம்பெனியின் வேர்ட் 6.0 ஸ்பானிய மொழிப் பதிப்பில், அந்த மண்ணின் பூர்வகுடிகளைக் குறிக்கும் சொல்லைத் தட்டினால் 'காட்டுமிராண்டி', 'நரமாமிசம் தின்பவன்' என்று வந்தது. மேற்கத்தியர் என்ற சொல்லைத் தட்டினால் 'வெள்ளையர்', 'ஆரியர்', 'நாகரிகமானவர்' என்று வந்தது. பெண்ணை நேசிக்கும் பெண்ணைக் குறிக்கும் சொல்லுக்கு 'வக்கிரமானவள்' என்று வந்தது. 1996இல் பத்திரிகைகள் இதை வெளியே கொண்டுவந்தன. கம்பெனி மன்னிப்புக் கேட்டது, பட்டியலைத் திருத்திக் கொடுத்தது. ஆரியர் என்றால் நாகரிகம், பூர்வகுடி என்றால் காட்டுமிராண்டி – எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? நாம் நம் ஊரில் கேட்டதுதான். கடல் தாண்டியும் அதே பாடம்.

பிறகு அந்தக் கம்பெனி ஜாக்கிரதையாகிவிட்டது. எப்படி? வேர்ட் 2000இல் 'இடியட்' என்று தட்டினால் மாற்றுச் சொல்லே வராது. யாரையாவது புண்படுத்தக்கூடிய சொல்லை எந்திரம் எடுத்துக்கொடுக்காது என்று முடிவெடுத்துவிட்டார்கள். 2001இல் நியூயார்க் டைம்ஸில் ஒருவர் இதைக் கிண்டலடித்து எழுதினார். ஆக, அவர்களுக்கு இரண்டு வழிதான் தெரிகிறது. ஒன்று, திட்டுவதையே பொருள் என்று எழுதிவைப்பது. இல்லையென்றால் ஒன்றுமே இல்லாத மாதிரி அழித்துவிடுவது. திட்டினவன் யார் என்ற கேள்விக்கு இரண்டிலும் இடமில்லை.

வெள்ளைக்காரனை மட்டும் சொல்லி என்ன ஆகப்போகிறது? ரோஜே பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே நம் நாட்டில் தெசாரஸ் இருந்தது. தமிழில் நிகண்டு என்றார்கள். திவாகரம், பிங்கலம், சூடாமணி. திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மனப்பாடம் செய்த புத்தகங்கள். திண்ணையில் யார் வீட்டுப் பிள்ளை உட்கார்ந்தது என்று உங்களுக்குத் தெரியும். திவாகரத்தில் முதல் தொகுதி தெய்வப் பெயர், இரண்டாவது மக்கட் பெயர், மூன்றாவது விலங்கின் பெயர். கடவுளுக்குக் கீழே மனுசன், மனுசனுக்குக் கீழே மிருகம்.

சமஸ்கிருதத்து அமரகோசம் இதைவிட வெளிப்படை. அதன் இரண்டாம் காண்டத்தில் மனுசர்களை அடுக்கியிருக்கிற முறையே வர்ணம்தான். பிரம்ம வர்க்கம், சத்திரிய வர்க்கம், வைசிய வர்க்கம், கடைசியில் சூத்திர வர்க்கம். அந்தச் சூத்திர வர்க்கத்தின் உள்ளே சண்டாளனுக்குப் பத்துப் பேர். அதில் ஒன்று 'சுவபசன்' – நாயைச் சமைப்பவன். சில வரி தள்ளி நாய்க்கான பெயர்கள் தொடங்கிவிடுகின்றன. சொல்லை அடுக்குவது என்றால் மனுசனை அடுக்குவதுதான் என்பதை அந்தப் புத்தகம் ஒளிவுமறைவில்லாமல் காட்டுகிறது. இதை எழுதிய அமரசிம்மன் பௌத்தன் என்று சொல்கிறார்கள். சூடாமணி எழுதிய மண்டலபுருடர் சமணர். யார் எழுதினாலும் ஊருக்குள் இருந்த அடுக்கு ஏட்டுக்குள்ளும் வந்துவிடுகிறது.

'தமிழில் சாதி இல்லை, ஆரியன் கொண்டுவந்தான்' என்று மேடையில் முழங்குகிற தமிழ்ப் பெருமைக்காரர்களிடம் ஒரு கேள்வி. புறநானூற்றில் துடியடிப்பவனைப் புலையன் என்றும் இழிசினன் என்றும் கூப்பிடுகிறார்களே, அது எந்த ஊர்த் தமிழ்? இழிசினன் என்றால் என்ன என்று அகராதியைப் புரட்டினால் புலையன் என்று பொருள் போட்டிருக்கிறது. புலையன் என்றால் என்ன என்று தேடினால் மறுபடியும் இழிந்தவன் என்று வந்து நிற்கிறது. இழிந்தவன் யார், புலையன். புலையன் யார், இழிந்தவன். செக்கு மாடு மாதிரி சுற்றிச் சுற்றி அதே இடம். இழிவுபடுத்தியவன் யார் என்ற சொல் அந்தப் பக்கத்தில் எங்கேயும் இல்லை.

ஆனால் இந்த நிகண்டுகளைத் திருப்பிப் பிடித்தவர் ஒருவர் நம்மிடம் இருந்தார். பண்டிதர் அயோத்திதாசர். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' பத்திரிகையைத் தொடங்கி, பழைய நூல்களையும் நிகண்டுகளையும் எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லையும் பிரித்துப் போட்டார். பறைதல் என்றால் சொல்லுதல். வேஷ பிராமணர்களின் பொய்யை ஊருக்குப் பறைந்த பௌத்தர்களைத்தான் பறையர் என்று இழித்தார்கள் என்பது அவர் வாதம். வரலாற்று அறிஞர்கள் இதை ஏற்கலாம், மறுக்கலாம். அவர் செய்த காரியத்தின் பெருமை வேறு. மேலே இருப்பவன் போட்ட பொருளை அப்படியே வாங்கிக்கொள்ளாமல், 'இந்தப் பட்டியலைப் போட்டது யார்?' என்று கேட்டார். இரட்டைமலை சீனிவாசன் 1893இல் வேறு வழி எடுத்தார். எந்தச் சொல்லால் திட்டினார்களோ அதையே எடுத்து, 'பறையன்' என்று தன் பத்திரிகைக்குப் பேர் வைத்தார். ஒருவர் அந்தப் பெயரை மறுத்தார், மற்றவர் அதையே கொடியாக்கினார். இரண்டுமே எந்திரத்தின் பட்டியலில் இல்லாத வழிகள்.

மேலே இருப்பவர்கள் செய்கிற சொல் மாற்றம் வேறு மாதிரி. 1933இல் காந்தி 'ஹரிஜன்' என்று பத்திரிகையே தொடங்கினார். கடவுளின் பிள்ளைகளாம்! 1938இல் பம்பாய் சட்டமன்றத்தில் அந்தப் பெயரைச் சட்டத்தில் ஏற்றப் பார்த்தபோது அம்பேத்கரும் அவருடைய கட்சியினரும் எதிர்த்து வெளிநடப்புச் செய்தார்கள். எங்களை என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவது என்பதை எங்களைக் கேட்காமல் எப்படி முடிவு செய்வீர்கள் என்பதுதான் சண்டை. எம்.சி. ராஜா போன்றவர்கள் கேட்டு வாங்கிய 'ஆதி திராவிடர்' என்ற பெயரை 1922இல் சென்னை மாகாண அரசு ஏற்றதும் சொல் மாற்றம்தான். ஆனால் அது நாம் கேட்டு நடந்தது, இது நம் தலையில் கட்டியது. இரண்டும் ஒன்றாகிவிடாது.

அழிக்கிற வழியும் நம் ஊரில் உண்டு. 1997இல் விருதுநகரில் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைத்தார்கள். ஒரு தலித்தின் பெயர் போட்ட பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று சாதி இந்துக்கள் கிளம்பினார்கள். அரசு என்ன செய்தது? தமிழ்நாட்டில் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலும், எல்லா மாவட்டங்களிலும் இருந்த தலைவர்கள் பெயரையே எடுத்துவிட்டது. கம்பெனிக்காரன் 'இடியட்'டை எடுத்த மாதிரி. ஏற மாட்டேன் என்றவன் அப்படியே இருக்கிறான், பெயர்ப்பலகை மட்டும் காலி.

2025 ஏப்ரலில், 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று சட்டமன்றத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். வசைச்சொல்லாகிவிட்டது என்று அரசே ஒத்துக்கொண்டதை வரவேற்கிறோம். 'காலனிக்காரன்' என்று பள்ளிக்கூடத்தில் கூப்பிடப்பட்ட எந்தப் பிள்ளைக்கும் அதன் வலி தெரியும். ஆனால் கொஞ்சம் யோசியுங்கள். சேரி என்பது வசவானபோதுதான் காலனி என்று மாற்றினார்கள். இப்போது காலனியும் வசவாகிவிட்டது. நாளைக்கு எந்த நல்ல பெயர் வைத்தாலும், ஊருக்கு வெளியே தனியாக, தனிச் சுடுகாட்டோடு அந்தத் தெரு இருக்கிறவரை, அந்தப் பெயரும் பத்து வருசத்தில் அழுக்காகும். எந்திரத்தில் எஃப்7 தட்டுவது சுலபம். ஊரில் அந்த விசை எங்கே இருக்கிறது?

அப்படியென்றால் சொல்லை மாற்றுவதே வீண் வேலையா? இல்லை தோழர்களே. எதை எதனால் மாற்றுகிறோம் என்பதில்தான் இருக்கிறது விசயம். 'தாழ்ந்தவர்' என்று எழுதினால் தானாகத் தாழ்ந்த மாதிரி. 'தாழ்த்தப்பட்டவர்' என்று எழுதினால் தாழ்த்தியவன் ஒருவன் இருக்கிறான் என்று ஆகிறது. நடுவில் நாலைந்து எழுத்துதான். நூறு வருச அரசியல் அந்த எழுத்துக்குள் இருக்கிறது. 'கௌரவக் கொலை' என்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்தன. கொலையில் என்ன கௌரவம் என்று கேட்டு இயக்கங்கள் 'சாதி ஆணவக் கொலை' என்று மாற்றின. 1972இல் பம்பாயில் தலித் பேந்தர்கள் கிளம்பியபோது 'தலித்' என்ற சொல் – நொறுக்கப்பட்டவர் – போராட்டப் பெயராக நாடு முழுக்கப் பரவியது. 2018இல் அந்தச் சொல்லைத் தவிர்த்துப் 'பட்டியல் சாதி' என்று மட்டும் எழுதுங்கள் என்று ஒன்றியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் ஊடகங்களுக்கு அறிவுரை அனுப்பியது. ஏன்? பட்டியலில் நொறுக்கியவன் தெரிய மாட்டான். தலித் என்றால் தெரிவான்.

இதுதான் நம் உரைகல். மாற்றுச் சொல் ஒன்றை யாராவது நீட்டினால், 'இந்தச் சொல்லில் செய்தவன் தெரிகிறானா?' என்று கேளுங்கள். தெரிந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். மறைந்தால் தூக்கி எறியுங்கள்.

இந்த உரைகல்லில் நம் நாளேடுகளை உரசிப் பாருங்கள். மலக்குழிக்குள் மனுசனை இறக்கிவிட்டவன் ஒருவன் இருக்கிறான். செய்தியில் 'விஷவாயு தாக்கிப் பலி' என்று வருகிறது. கொன்றது வாயுவாம். 1999 சூலை 23 அன்று நெல்லையில் மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக ஊர்வலம் போனவர்கள்மேல் போலீஸ் தடியடி நடத்தித் தாமிரபரணிக்குள் விரட்டியது. 17 பேர் செத்தார்கள், ஒரு கைக்குழந்தையும் சேர்த்து. விசாரணை நடத்திய நீதிபதி மோகன் ஆணையம் அதில் 11 பேர் நீரில் மூழ்கி இறந்ததாகச் சொன்னது. ஆற்றில் 'மூழ்கினார்கள்'. ஆற்றுக்குள் தள்ளியது யார் என்று அந்த வினைச்சொல்லுக்குத் தெரியாது. கீழவெண்மணியில் 1968 திசம்பர் 25 அன்று 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தியதையும் 'கூலித் தகராறு', 'மோதல்' என்று சொல்கிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். மோதல் என்றால் இரண்டு பக்கமும் மோத வேண்டும். குடிசைக்குள் இருந்த குழந்தைகள் யாரோடு மோதின?

இதெல்லாம் எழுத்துக்காரர்கள் சண்டை என்று நினைக்க வேண்டாம். அந்தத் தம்பியின் மனுவுக்கே வருவோம்.

ஆங்கில மனுவைச் சரி செய்த பிறகு, காவல் நிலையத்துக்கான தமிழ்ப் புகாரை வாங்கிப் பார்த்தோம். அதை ஊரில் ஒரு டிடிபி கடையில் அடித்துக் கொண்டுவந்திருந்தான். 'தகாத வார்த்தைகளால் திட்டினார்' என்று இருந்தது. கடைக்காரர் நல்லெண்ணத்தில்தான் மாற்றியிருக்கிறார்: "இப்பிடி அசிங்கமாவா ஸ்டேசனுக்கு எழுதுவாங்க தம்பி?" காவல் நிலையங்களும் நாளேடுகளும் நூறாயிரம் தடவை எழுதித் தேய்ந்த சொல் அது. தகாத வார்த்தை.

ஆனால் சட்டம் என்ன கேட்கிறது? 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில், 2015 திருத்தத்துக்குப் பிறகு, பிரிவு 3(1)(எஸ்) என்று ஒன்று இருக்கிறது. பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் பட்டியல் சாதி, பழங்குடி மக்களைச் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவது குற்றம். சாதிப் பெயர் சொல்லி! புகாரில் அந்தப் பெயர் இல்லையென்றால் அந்தப் பிரிவுக்கு அடிப்படையே இல்லை. 'தகாத வார்த்தை' என்று எழுதிக் கொடுத்தால் சாதாரண அடிதடி வழக்காகச் சுருட்டி வைத்துவிடுவார்கள். ஒரே ஒரு மாற்றுச் சொல். அதோடு வழக்கின் முதுகெலும்பு போயிற்று. நிலத்துக்காரர் தரப்பு வக்கீல் செய்ய வேண்டிய வேலையை நம் நாசூக்கே செய்து கொடுத்துவிடுகிறது.

ஆகவே புகார் எழுதும்போது ஒரு சொல்லையும் மாற்றாதீர்கள். என்ன சொல்லித் திட்டினானோ அதை, அவன் சொன்ன சொல்லிலேயே, அவன் சொன்ன உச்சரிப்பிலேயே எழுதுங்கள். நம் வாய் கூசலாம். கூச வேண்டியது அவன் வாய். எந்த இடத்தில் திட்டினான், அது நாலு பேர் பார்க்கிற இடமா, யார் யார் கேட்டார்கள் என்று எழுதுங்கள். நான்கு சுவருக்குள், வெளியார் யாரும் இல்லாத இடத்தில் திட்டினால் இந்தப் பிரிவு நிற்காது என்று 2020இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. அதனால் டீக்கடை வாசல் என்றால் டீக்கடை வாசல் என்றே இருக்கட்டும். 'அடித்தார்' என்பது மூன்று தடவை வந்தால் வரட்டும். மூன்று தடவை அடித்தான், மூன்று தடவை எழுதுகிறோம். கல்லூரி வாத்தியார் மார்க் குறைத்தால் குறைத்துக்கொள்ளட்டும்.

இன்றைக்கு நிலைமை இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறது. தெசாரஸாவது நாலு சொல்லைக் காட்டி 'எது வேண்டும்?' என்று நம்மைக் கேட்டது. இப்போது 'தொனியை மாற்று', 'நாகரிகமாக எழுது' என்று ஒரு பொத்தானை அழுத்தினால் செயற்கை அறிவு முழுக் கடிதத்தையே மாற்றி எழுதித் தந்துவிடுகிறது. எந்தச் சொல் போனது, எந்தச் சொல் வந்தது என்று நமக்கே தெரிவதில்லை. நம் பிள்ளைகள் மனு எழுதவும் விண்ணப்பம் எழுதவும் அதைத்தான் தட்டப்போகிறார்கள். தட்டட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. எந்திரத்தைத் தொடாதே என்று நம்மிடம் சொல்வதற்கு எவனுக்கும் உரிமையில்லை. ஏட்டைத் தொடாதே என்று சொன்ன காலம் போய்விட்டது. ஆனால் தட்டிய பிறகு பழைய தாளையும் புதிய தாளையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். செய்தவன் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

கடைசியாக ஒன்று. பட்டியலைக் குறை சொன்னால் மட்டும் போதாது, நாமும் பட்டியல் போட வேண்டும். மாட்டுக்கறியை உப்புப் போட்டு வெயிலில் காயவைத்து எடுத்து வைப்பதற்கு ஊருக்கு ஊர் பேர் இருக்கிறது. பறையின் ஒவ்வொரு அடிக்கும், ஒவ்வொரு குச்சிக்கும் பேர் இருக்கிறது. நடவில், அறுப்பில், களத்தில் நம் ஆயாக்கள் சொன்ன சொற்கள் இருக்கின்றன. ஆண்டையைக் கிண்டலடிக்க நம் ஆட்கள் ரகசியமாக வைத்த பேர்கள் எத்தனை! இதெல்லாம் எந்த அகராதியில் ஏறியிருக்கிறது? ஏறியிருந்தாலும் 'இழிவழக்கு', 'கொச்சை' என்று ஒரு குறி போட்டு ஓரத்தில்தானே உட்கார வைத்திருப்பார்கள்? ஏட்டுக்குள்ளும் ஒரு சேரி!

வாசகத் தோழர்கள் அவரவர் தெருவில் வழங்கும் இந்தச் சொற்களை ஒரு தாளில் எழுதி நமக்கு அனுப்புங்கள். சொல், அதன் பொருள், யார் சொல்லுவார்கள், எப்போது சொல்லுவார்கள். பாட்டி இருந்தால் பாட்டியைக் கேட்டு எழுதுங்கள். இதழ்தோறும் போடுவோம். சேர்ந்தால் புத்தகமாகும், புத்தகம் ஆனால் எந்திரத்திலும் ஏறும். சொன்னேனே, அந்தக் கோப்பு வெறும் எழுத்துதான். எழுதத் தெரிந்த யாரும் திறந்து எழுதலாம்.

தம்பி அன்று ராத்திரி பத்து மணி வரைக்கும் உட்கார்ந்து இரண்டு மனுவையும் திருத்தி அடித்து முடித்தான். 'தோற்கடித்தார்' போய் 'அடித்தார்' வந்தது, மூன்று இடத்திலும். 'சன்மானம்' போய்க் கூலி வந்தது. திட்டிய சொல் திட்டியபடியே நின்றது. அச்செடுக்கிறதுக்கு முன்னால் அத்தைக்குப் போன் போட்டு முழுசும் படித்துக் காட்டினான். அந்த அம்மா கேட்டுவிட்டு, "ம்... இதான் நடந்துச்சி. இப்பிடியே குடு" என்றார்.

பறை என்றால் மேளம் மட்டும் இல்லை. பறை என்றால் சொல். மாற்றாமல் சொல்.

– ஆசிரியர் குழு